டயப்பர் நனைந்தால் போதுமா?

முதுகில் பிளவோடு, அதாவது ஸ்பைனா பிஃபிடாவோடு பிறந்த குழந்தை. பிறந்த ஓரிரு நாளிலேயே அந்தப் பிளவை மூடும் ஆபரேஷன் முடிந்துவிட்டது. தலையில் நீர் கோர்க்கிறதா, அதை வடிக்க ஷன்ட் என்ற குழாய் வைக்க வேண்டியிருக்குமா என்று ஒரு கவலை. கால் அசைகிறதா, நாளைக்கு நடப்பானா என்று இன்னொரு கவலை. இதற்கு நடுவில் பாட்டி ஒரு நல்ல செய்தி சொல்கிறார்: "ஒண்ணுக்கு மட்டும் நல்லாப் போறான். டயப்பர் நனைஞ்சுகிட்டே இருக்கு." எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு வருகிறது.

அந்த நிம்மதியைக் கலைப்பதற்கு மன்னிக்க வேண்டும். டயப்பர் நனைவதால் சிறுநீர்ப்பை காலியாகிறது என்று சொல்லிவிட முடியாது. தொட்டி நிரம்பி மேலே வழிந்தாலும் தரை நனையத்தான் செய்யும். ஸ்பைனா பிஃபிடா குழந்தையின் டயப்பர் பல சமயம் அப்படித்தான் நனைகிறது.

இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குப் பிறக்கும்போது சிறுநீரகம் நன்றாகவே இருக்கிறது. முதுகில் வந்த கோளாறு அங்கே போகவில்லை. பின்னாளில் சிலருக்குச் சிறுநீரகம் கெடுகிறது என்றால், அதைக் கெடுப்பது கீழே இருக்கும் சிறுநீர்ப்பைதான். மெதுவாக, வலி எதுவும் காட்டாமல் கெடுக்கும். ஆக, காப்பாற்ற வேண்டியது சிறுநீரகம் என்றாலும் கண் வைக்க வேண்டியது சிறுநீர்ப்பை மேல்.

கரு உருவான முதல் 28 நாளுக்குள், முதுகுத்தண்டு நரம்பாக மாறப்போகும் தகடு சுருண்டு குழாயாக மூடிக்கொள்ள வேண்டும். எங்கோ ஓரிடத்தில் அது மூடாமல் விட்டுப்போனால் வருவது ஸ்பைனா பிஃபிடா. நரம்பே வெளியே பிதுங்கி நிற்கும் வகைதான் கடுமையானது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் நரம்புகள் முதுகுத்தண்டின் அடிக்கோடியிலிருந்து கிளம்புகின்றன. மேலே எங்கே பழுது வந்தாலும் அடியில் இருப்பவைக்குச் செய்தி போய்ச் சேராது. அதனால்தான் ஓடியாடி விளையாடும் ஸ்பைனா பிஃபிடா குழந்தைக்கும் சிறுநீர்ப்பைக் கோளாறு இருக்கும். "கால் நல்லா இருக்கே, இவனுக்கு என்ன?" என்று யூரின் பரிசோதனைகளைத் தள்ளிப்போடும் வீடுகள் உண்டு. காலை வைத்துச் சிறுநீர்ப்பையை எடை போட முடியாது.

நல்ல சிறுநீர்ப்பைக்கு இரண்டே வேலை. சிறுநீர் சேரச் சேர நெகிழ்ந்து கொடுத்து, உள்ளே அழுத்தம் ஏறாமல் வைத்துக்கொள்ள வேண்டும். நேரம் வந்ததும் சுருங்கி எல்லாவற்றையும் வெளியே தள்ள வேண்டும். பையின் சுவர் ஒரு தசை. வாசலில் இருக்கும் சுருக்குத்தசை இன்னொன்று. பை சுருங்கும்போது வாசல் திறக்க வேண்டும், பை நிரம்பும்போது வாசல் மூடியிருக்க வேண்டும். இந்த ஒத்துழைப்பை நடத்துவது நரம்பு. நரம்பு பழுதானால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். வாசல் தொளதொளவென்று இருந்தால் குழந்தை எப்போதும் ஈரமாக இருக்கும். சிரமம்தான், ஆனால் சிறுநீரகத்துக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து இதற்கு நேர்மாறானது. பை சுருங்கும் அதே நேரத்தில் வாசலும் இறுகினால், வாயை முடிந்த தண்ணீர் பலூனைப் பிழிவது மாதிரி உள்ளே அழுத்தம் ஏறும். சில குழந்தைகளுக்குச் சுவரே விறைத்துப்போய், பாதி நிரம்புவதற்குள்ளாகவே அழுத்தம் ஏறிவிடும்.

இந்த அழுத்தத்துக்கு ஓர் எண் உண்டு: 40. அலகு, நீரின் உயரம் சென்டிமீட்டரில். 30 செ.மீ. பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை நிறுத்தி, அதன் மேல் இன்னொரு ஸ்கேலில் மூன்றில் ஒரு பங்கை வைத்தால் எவ்வளவு உயரம் வருமோ, அந்த உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் எடை. கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். நம் ரத்த அழுத்தமே இதைவிடப் பல மடங்கு. ஆனால் சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய் வெறும் பைப் இல்லை. அது தானாகச் சுருங்கி விரிந்து, சொட்டுச் சொட்டாகச் சிறுநீரைக் கீழே தள்ளுகிறது. எதிரே பையில் 40 செ.மீ. அழுத்தம் மணிக்கணக்கில் நின்றால் அந்தச் சின்னக் குழாயால் தள்ள முடியாது. குழாய் வீங்கும், பிறகு சிறுநீரகத்துக்குள் இருக்கும் கிண்ணங்கள் வீங்கும். சிலருக்குப் பையின் மூலையில் இருக்கும் ஒருவழிக் கதவும் தோற்றுப்போய், சிறுநீர் வந்த வழியே மேலே ஏறும். அந்த நேரத்தில் பையில் கிருமியும் இருந்துவிட்டால் அது நேராகச் சிறுநீரகத்துக்கே போய்ச் சேர்ந்து தழும்பை விட்டுச் செல்லும். தழும்பு விழுந்த இடம் மறுபடி வேலை செய்யாது.

40 என்ற எண் 1981-ல் அமெரிக்காவில் எட்வர்ட் மெக்குவைர் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வின் மூலம் நிலைபெற்றது. இந்தக் கோளாறு உள்ள 42 பேரைப் பின்தொடர்ந்து, சிறுநீர் கசியத் தொடங்கும்போது பையில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அளந்தார்கள். 40-க்குக் கீழே கசிந்தவர்களில் ஒருவருக்குக்கூடச் சிறுநீர் மேலே ஏறவில்லை. 40-க்கு மேல் போனவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு ஏறியது. 40 ஒன்றும் லட்சுமண ரேகை இல்லை. 35 என்றால் நிம்மதி, 41 என்றால் அழிவு என்று அர்த்தமில்லை. ஆனாலும் இன்றுவரை டாக்டர்கள் மனதில் நிற்பது இந்த எண்தான்.

சரி, இந்த அழுத்தத்தை எப்படி அளப்பது? யூரோடைனமிக்ஸ் என்ற பரிசோதனையில். பெற்றோரை மிகவும் பயமுறுத்துவதும் இதுதான் என்பதால், அறைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மெல்லிய டியூப் ஒன்று சிறுநீர்ப்பைக்குள் போகும், இன்னொன்று மலவாய்க்குள். பைக்குள் போனது வழியாக வெதுவெதுப்பான சலைன் மெதுவாக ஏற்றப்படும். இரண்டு டியூபுகளும் காட்டும் அழுத்தம் கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கோடுகளாக ஓடும். மலவாயில் எதற்கு டியூப் என்று கேட்காத பெற்றோர் இல்லை. குழந்தை அழுதால் வயிறு இறுகும். இரண்டு கோடும் ஒன்றாக எகிறும். பை தானாகச் சுருங்கினால் ஒரு கோடு மட்டும் எகிறும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பையின் சொந்த அழுத்தம் வந்துவிடும். அழுகிற குழந்தையிடமும் இந்தப் பரிசோதனையைச் செய்ய முடிவது இந்தக் கழித்தல் கணக்கால்தான். ஊசியும் வெட்டும் கிடையாது. டியூப் போடும்போது அழும், பிறகு பால் கொடுத்தால் பல குழந்தைகள் அப்படியே தூங்கிவிடும்.

முதுகு ஆபரேஷன் முடிந்த கையோடு இதைச் செய்வதில்லை. ஆபரேஷன் அதிர்ச்சியில் சில வாரங்களுக்குச் சிறுநீர்ப்பை மரத்துப்போயிருக்கலாம். அப்போது அளந்தால் பொய்க் கணக்குதான் வரும். அதனால் முதல் யூரோடைனமிக்ஸ் பொதுவாகக் குழந்தைக்கு 3 மாதம் ஆகும் சமயத்தில். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மட்டும் பிறந்த சில நாளிலேயே எடுத்துவிடுவார்கள். முதல் வருஷம் முழுக்கச் சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எடுப்பார்கள். சிறுநீர் மேலே ஏறுகிறதா என்று பார்க்க, பையில் மருந்து நிரப்பி எடுக்கும் எக்ஸ்ரே ஒன்று. தழும்பு இருக்கிறதா என்று பார்க்க டிஎம்எஸ்ஏ ஸ்கேன் ஒன்று.

ரத்தப் பரிசோதனை பற்றியும் சொல்ல வேண்டும். கிரியாட்டினின் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் அது கூடும். காலில் தசை குறைவாக உள்ள பிள்ளைக்கு அது இயல்பாகவே குறைவாகத்தான் உருவாகும். சிறுநீரகம் கணிசமாகக் கெட்ட பிறகும் எண் நார்மல் என்றே காட்டக்கூடும். இதற்குத் தசையை அவ்வளவாக நம்பாத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை மேல். வசதி இருக்கும் இடத்தில் கேட்டுப் பார்க்கலாம். செலவே இல்லாத இன்னொன்று, குழந்தைக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது. சிறுநீரகத்தில் தழும்பு விழுந்தால் பி.பி. ஏறலாம். சின்னக் குழந்தைக்கு என்ன பி.பி. என்று பல இடங்களில் பார்ப்பதே இல்லை. பார்க்கச் சொல்லுங்கள்.

இனி வைத்தியம். இதில் மையமான விஷயம் ஒன்றுதான்: குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய டியூப் போட்டுப் பையைக் காலி செய்துவிடுவது. அழுத்தம் ஏற நேரம் கொடுக்காமல் இருப்பது. பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் சோப்பும் தண்ணீரும் போதும்.

இது ஏதோ எப்போதும் இருந்த வைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். முதுகுத்தண்டு அடிபட்ட படைவீரர்களுக்காக இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன் விட்டுவிட்டு டியூப் போடும் முறையைக் கொண்டுவந்தார். ஆனால் அது ஆபரேஷன் தியேட்டர் சுத்தத்தோடு ஆஸ்பத்திரியில் மட்டுமே நடந்தது. வீட்டில் யாரால் முடியும்? 1972-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லாபிடெஸ் ஒரு துணிச்சலான வாதத்தை வைத்தார். சிறுநீர்த் தொற்றுக்கு மூலகாரணம் கிருமி உள்ளே போவது இல்லை. பை அளவுக்கு மீறி விரிந்து, சுவருக்கு ரத்த ஓட்டம் குறைந்து, எதிர்ப்புச் சக்தி போவதுதான். ஆகவே கிருமியே இல்லாத நிலை தேவையில்லை, கை சுத்தமாக இருந்தால் போதும், நேரத்துக்குக் காலி செய்வதுதான் முக்கியம் என்றார். சக டாக்டர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அவர் சொன்னது நின்றது. அதற்கு முன்பு, குழந்தைப் பருவத்தைத் தாண்டிய ஸ்பைனா பிஃபிடா பிள்ளைகளின் சாவுக்குப் பெரிய காரணமே சிறுநீரகச் செயலிழப்புதான். அந்த நிலையை மாற்றியதில் இந்த டியூபுக்குப் பெரும் பங்கு உண்டு.

வீட்டில் இது எப்படி இருக்கும்? அம்மா சோப்பு போட்டுக் கை கழுவுகிறார். குழந்தை பாயில் மல்லாந்து, தவளை மாதிரி காலை அகட்டிக் கிடக்கிறது. பெண் குழந்தை என்றால் முன்னாலிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். திரும்பவும் முன்னால் கொண்டுவரக் கூடாது. டியூப் நுனியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த வழுவழுப்பான ஜெல்லி. மெதுவாக உள்ளே விட, முதல் துளி வந்ததும் இன்னும் ஓரிரு செ.மீ. மட்டும். அதற்கு மேல் தள்ளக் கூடாது. நம் ஊரில் பல இடங்களில் இதற்குப் பயன்படுவது பச்சைக் குழந்தைக்கு மூக்கு வழியாகப் பால் கொடுக்கும் ஃபீடிங் டியூப்தான். அது மிகவும் வளையும். நீளமாக உள்ளே போய்விட்டால் பைக்குள்ளேயே சுருண்டு முடிச்சு விழுந்துவிடும். பிறகு அதை எடுக்க ஒரு ஆபரேஷன் தேவைப்படலாம். ஆண் குழந்தைக்கு வழியில் ஓரிடத்தில் டியூப் முட்டி நிற்கும். அதுதான் வாசல் தசை. முட்டினால் அழுத்தாதீர்கள். அப்படியே பிடித்துக் காத்திருந்தால், குழந்தை ஒரு மூச்சு விடும்போது தானாக வழி விடும்.

ஓட்டம் நின்றதும் டியூபைச் சட்டென்று உருவிவிடுவதுதான் புதிதாகக் கற்பவர்கள் செய்யும் தவறு. மெதுவாக வெளியே இழுக்க இழுக்க, அடியில் தேங்கிய இன்னும் கொஞ்சம் வரும். அந்தக் கொஞ்சம்தான் கிருமிக்கு வீடு. வந்ததை அளவுக்கோப்பையில் பார்த்து நோட்டில் எழுதுங்கள்: நேரம், மி.லி., இடையில் டயப்பர் ஈரமா காய்ந்ததா. பிள்ளை வளர்ந்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு உண்டு. வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால், அந்த வயதுப் பிள்ளையின் பை கொள்ள வேண்டிய அளவு வரும். 4 வயதுக்கு 150 மி.லி. கைக்குழந்தைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

எப்போது தொடங்க வேண்டும் என்பதில் டாக்டர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. பிறந்ததும் எல்லோருக்கும் தொடங்கிவிட்டு, தேவையில்லாதவர்களுக்கு நிறுத்தலாம் என்பது ஒரு கட்சி. கவனித்துக்கொண்டே இருப்போம், ஸ்கேனிலோ யூரோடைனமிக்ஸிலோ ஆபத்து தெரிந்தால் தொடங்கலாம் என்பது இன்னொன்று. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, 9 மருத்துவமனைகளைச் சேர்த்து 2015-ல் தொடங்கிய 'அம்பயர்' என்ற திட்டம் முதல் கட்சியோடு சேர்கிறது. பிறந்த குழந்தைக்கு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு, மீந்து வரும் சிறுநீரை அளக்கிறார்கள். தொடர்ந்து 30 மி.லி.க்குக் குறைவாகவே வந்தால் இடைவெளியை நீட்டி, பிறகு நிறுத்திப் பார்க்கிறார்கள். அதே குழந்தைகளை 5 வயது வரை ஒரே அட்டவணைப்படி பின்தொடர்ந்து, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். எந்தக் குழந்தையின் பை பகையாக மாறுகிறது, எது சாதுவாக இருக்கிறது என்று அவ்வப்போது அழுத்தத்தை அளந்து பிரிக்கிறார்கள்.

என் ஓட்டு முதல் கட்சிக்குத்தான். அதற்குக் காரணம் பாதி மருத்துவம், பாதி குடும்பம். தொடர்ந்து வந்து காட்டிக்கொள்ள முடியாத குடும்பத்துக்குக் 'கவனித்துக்கொண்டே இருப்போம்' என்பது சில சமயம் 'தவறவிட்டோம்' என்று முடியும். அப்புறம், ஒரு மாதக் குழந்தைக்கு டியூப் போடப் பழகுவது சுலபம். நினைவு தெரிந்த நாளிலிருந்து அது பல் தேய்ப்பது மாதிரி. 3 வயதில் திடீரென்று தொடங்கினால் பிள்ளை உதைக்கும், அம்மா அழுவார், வீடே ரணகளமாகும். உங்கள் டாக்டர் இரண்டாம் கட்சி என்றால் தவறில்லை. ஆனால் அடுத்த ஸ்கேன் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

டியூபோடு சேர்ந்து வருவது ஆக்ஸிபியூட்டினின் என்ற மருந்து. பையின் சுவரைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும். அழுத்தம் அதிகம் என்று தெரிந்தால் கைக்குழந்தையிலேயே தொடங்குகிறார்கள். வாய் உலரும், மலம் இறுகும், முகம் சிவக்கும். நம் வெயிலுக்கு முக்கியமான ஒன்று: வியர்வை குறையும். சித்திரை மாதம் பஸ்ஸில் போகும்போது குழந்தை உடம்பு கொதித்தால், காய்ச்சலா மருந்தா என்று குழம்ப வேண்டியிருக்கும். நிழலில் வைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தாலும் டியூபாலும் அழுத்தம் இறங்காத பிள்ளைகளுக்குப் பைச் சுவரில் போடாக்ஸ் ஊசி, பையை வயிற்றுத் தோலில் திறந்துவிடும் தற்காலிக வழி, பின்னாளில் குடலின் ஒரு துண்டைச் சேர்த்துப் பையைப் பெரிதாக்கும் ஆபரேஷன் என்று அடுத்தடுத்த படிகள் இருக்கின்றன.

மலச்சிக்கலைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. மலக்குடல் பைக்கு நேர் பின்னால் இருக்கிறது. அது கல்லாக நிரம்பினால் பைக்கு விரிய இடமில்லை, தொற்றும் அடிக்கடி வரும். யூரின் பிரச்சினை திடீரென்று கூடிய குழந்தைக்கு வயிறு சுத்தமானதும் பாதி சரியாகிவிடுவது உண்டு.

இனி பாட்டியிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டிய ஒன்று. அடிவயிற்றை அழுத்தி ஒண்ணுக்குப் போக வைப்பது இன்னும் பல இடங்களில் வழக்கம். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளிலேயே சொல்லிக் கொடுத்ததுதான். வாசல் இறுகியிருக்கும்போது மேலிருந்து அழுத்தினால் சிறுநீர் எங்கே போகும்? சிறுநீரகத்தை நோக்கித்தான்.

தொற்று விஷயத்தில் பயமும் அலட்சியமும் இரண்டும் தப்பு. டியூப் போடும் குழந்தையின் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். காய்ச்சல் இல்லை, குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது, நாற்றம் மட்டும் கொஞ்சம் கூட என்றால், கல்ச்சரில் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில்) கிருமி வந்துவிட்டது என்பதற்காக ஆன்டிபயாடிக் கொடுக்கத் தேவையில்லை. கொடுத்தால் அடுத்து வருவது மருந்துக்கு அடங்காத கிருமி. ஆனால் காய்ச்சல், வாந்தி, சோர்வு, விலாவில் வலி என்று வந்தால் அன்றே போக வேண்டும். சாம்பிளை டியூப் போட்டு எடுங்கள். பிளாஸ்டிக் பை ஒட்டி எடுத்தால் தோலில் இருக்கும் கிருமியும் சேர்ந்துவிடும்.

இன்னொன்று ரப்பர். பிறந்ததிலிருந்து ஆபரேஷனும் கையுறையுமாக வளரும் இந்தக் குழந்தைகளுக்கு லேட்டக்ஸ் அலர்ஜி வருவது அதிகம். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். டியூப் லேட்டக்ஸ் இல்லாததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும், பல் டாக்டரிடமும்கூட, முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பிறந்தநாளுக்குப் பலூன் வேண்டாம், காகிதத் தோரணம் போதும்.

ஒரு ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று வருஷாந்திரப் பரிசோதனையை நிறுத்தக் கூடாததற்குக் காரணம், இந்தப் பை ஒரே மாதிரி இருப்பதில்லை. குழந்தை வளரும்போது முதுகெலும்பு நீள்கிறது. ஆபரேஷன் நடந்த இடத்தில் நரம்பு ஒட்டிக்கொண்டிருந்தால் அது இழுபடும். நடை மாறுவது, முதுகு வலிப்பது எல்லாம் இதன் அறிகுறிகள்தான். ஆனால் பல பிள்ளைகளிடம் முதலில் மாறுவது சிறுநீர்ப்பைதான். அப்போது அந்த நோட்டு கைகொடுக்கும். போன மாதம் வரை 3 மணி நேரம் காய்ந்திருந்த பிள்ளை இந்த மாதம் ஒன்றரை மணி நேரத்திலேயே நனைகிறது, 120 மி.லி. வந்த இடத்தில் 70 வருகிறது. தொற்று இல்லை, மலச்சிக்கலும் இல்லை. இப்படி இரண்டு வாரம் தொடர்ந்தால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல், நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விடுங்கள்.